முதல் வரம் சோறு

ஒரு பேய் உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. "மூன்று வரம் தருகிறேன், கேள்" என்கிறது. நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்?

எங்கள் மையத்தில் இதைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் நிலம் கேட்டார். ஒரு அக்கா, "கடன் அடைந்தால் போதும்" என்றார்.

வங்காளத்துக் கதை ஒன்றில் இரண்டு பேர் முதலில் சோறு கேட்டார்கள். சோறும் துணியும்.

ஒருவன் பெயர் கூபி. அவனுக்குப் பாட ஆசை. மற்றவன் பெயர் பாகா. அவனுக்கு மேளம் அடிக்க ஆசை. இரண்டு பேருக்குமே அது சரியாக வராது. காது கொடுத்துக் கேட்க முடியாது. அதனால் அவர்களை ஊரை விட்டே விரட்டிவிட்டார்கள். காட்டில் இருவரும் சந்தித்தார்கள். அங்கே பேய்களின் ராஜா வந்தான். மனிதருக்குப் பிடிக்காத பாட்டு பேய்க்குப் பிடித்துப் போயிற்று! மூன்று வரம் கொடுத்தான்.

வேண்டியதை உண்ணலாம், உடுத்தலாம். இது முதல் வரம். நினைத்த இடத்துக்குப் போகலாம். இது இரண்டாவது. பாட்டாலும் மேளத்தாலும் கேட்பவரை மயக்கலாம். இது மூன்றாவது. பாட்டுக்காகவே ஊரை இழந்தவர்கள் அவர்கள். ஆனாலும் பாட்டைக் கடைசியில்தான் கேட்டார்கள். வெறும் வயிற்றோடு பாட முடியுமா?

இந்தக் கதையை எழுதியவர் உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரி. 1915ல் ஒரு சிறுவர் பத்திரிகையில் வந்தது. அவருடைய பேரன் சத்தியஜித் ராய் 1969ல் அதைச் சினிமாவாக எடுத்தார். நான் சொல்வது சினிமாவில் வரும் கதை.

அதில் ஹல்லா என்று ஒரு நாடு. அந்த நாட்டு மந்திரி பக்கத்து நாட்டோடு சண்டை போடத் துடிக்கிறான். அவன் மட்டும் நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறான். படை வீரர்களோ எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார்கள். "எழுந்திரு, சண்டைக்குப் போ" என்றால் எழ முடியவில்லை. யாரோடு சண்டை, எதற்குச் சண்டை என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

கூபியும் பாகாவும் அங்கே வருகிறார்கள். கூபி பாடுகிறான், பாகா மேளம் அடிக்கிறான். படை அப்படியே அசையாமல் நிற்கிறது. பிறகு வானத்திலிருந்து பானைகள் இறங்குகின்றன. ஒன்று இரண்டு அல்ல, வரிசை வரிசையாக! ஒவ்வொரு பானையிலும் இனிப்புப் பலகாரம். வீரர்கள் ஆயுதங்களைக் கீழே போட்டார்கள். பானைகளை நோக்கி ஓடினார்கள். சண்டை அதோடு நின்றது. ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை.

இது வேடிக்கைக் கதைதான். பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். ஆனால் வங்காளத்துப் பெரியவர்களுக்கு இந்தப் பசி புதிதல்ல. 1943ல் அங்கே கொடிய பஞ்சம் வந்தது. அரிசி விலை எக்கச்சக்கமாக ஏறியது. ஏழைகளால் வாங்க முடியவில்லை. சுமார் 30 லட்சம் பேர் வரை செத்திருப்பார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். கிராமத்து மக்கள் கல்கத்தா தெருவுக்கு வந்து பிச்சை எடுத்தார்கள். அந்த வருடம் சத்தியஜித் ராய் கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர். பின்னால், 1973ல், அந்தப் பஞ்சத்தைப் பற்றியே ஒரு படம் எடுத்தார். 1966ல் மேற்கு வங்கத்தில் மறுபடியும் உணவுத் தட்டுப்பாடு. அரிசிக்காக மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். வானத்திலிருந்து பானை இறங்கும் சினிமா வந்தது அதற்கு மூன்றே வருடம் கழித்து.

மற்ற நாட்டுக் கதைகளிலும் பசி வருகிறது. இத்தாலியில் 1883ல் 'பினோக்கியோ' என்ற கதைப் புத்தகம் வந்தது. அதில் ஒரு கிழவர் மரத்தால் ஒரு பையனைச் செய்கிறார். பையனுக்கு உயிர் வந்துவிடுகிறது. உயிர் வந்தால் பசியும் வரும் அல்லவா? கிழவர் தான் சாப்பிட வைத்திருந்த மூன்று பேரிக்காய்களைக் கொடுக்கிறார். தோல் சீவினால்தான் தின்பேன் என்று பையன் அடம் பிடிக்கிறான். சீவிக் கொடுக்கிறார். தின்றும் பசி அடங்கவில்லை. கடைசியில் எறிந்த தோலையும் நடுக் கொட்டையையும் எடுத்துத் தின்கிறான். கிழவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. அங்கே வானத்திலிருந்து எதுவும் இறங்கவில்லை.

கூபி, பாகா கதையை நான் சொன்னபோது அந்த அக்கா ஒரு கேள்வி கேட்டார். "பசித்தவனுக்குச் சோறு போட வேண்டியதுதானே தம்பி? பலகாரம் எதற்கு?"

நல்ல கேள்வி. யோசித்துப் பார்த்தேன். வங்காளத்தில் இனிப்பு என்பது விருந்து. கல்யாணம், பண்டிகை, விருந்தாளி எல்லாவற்றுக்கும் பால் இனிப்பு உண்டு. அங்கே ஒரு பால் இனிப்புக்குச் சந்தேஷ் என்று பெயர். அந்தச் சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள். இந்தக் கதை வந்த பத்திரிகையின் பெயரும் சந்தேஷ்தான். 1913ல் அதைத் தொடங்கியவரும் உபேந்திரகிஷோர்தான்.

இதைச் சொன்னதும் அக்கா சிரித்தார். "அப்படியானால் சரி. சோற்றைப் போட்டால் வயிறு நிறையும். பலகாரம் போட்டால்தான் மனுஷனை விருந்தாளியாக நினைத்த மாதிரி" என்றார்.