உபகாரச் சம்பளமும் உடனிருப்போரும்

பொருளுள்ள ஒருவர் ஏழை மாணாக்கன் ஒருவனுக்கு உபகாரச் சம்பளம் ஏற்படுத்திவிட்டால், அவன் கட்டணத்தைச் செலுத்தி, புஸ்தகங்கள் வாங்கி, விடுதியில் உண்டு உறங்கி, காலக்கிரமத்தில் பட்டமும் பெற்று வெளியேறுவான் என்று நாம் சாதாரணமாக எண்ணிக்கொள்கிறோம். பட்டத்தோடு முடிந்துவிடும் படிப்புகளில் அந்த எண்ணம் பெரும்பாலும் பொய்ப்பதுமில்லை. ஆனால் ரசாயனம், பௌதிகம், கணிதம், உயிரியல் முதலிய சாஸ்திரங்களில் ஒருவன் ஆராய்ச்சியாளனாக உருவாக வேண்டுமானால், பட்டத்துக்குப் பின்னும் ஐந்தாறு வருஷங்கள் டாக்டர் பட்டத்துக்காக உழைக்க வேண்டும். அதற்கு முன்பே, இளங்கலை வகுப்பில் இருக்கும்போதே, யாரேனும் ஒரு பேராசிரியருடைய பரிசோதனைச் சாலையில் கைபழகியிருக்க வேண்டும். இவ்வாறு ஒரு வாழ்க்கை உண்டென்பதையே எவரேனும் அவனுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். கல்லூரி வாசலை மிதித்தறியாத பெற்றோருடைய பிள்ளைக்கும், தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவனுக்கும் இவை யாவும் பணத்தின் பின்னே தாமாக வந்து சேர்ந்துவிடுவதில்லை. இந்த உண்மையை அறிந்து, தனவந்தர் ஒருவரின் கொடையை அதற்கேற்ப நடத்திக் காட்டிய ஏற்பாடுகளுள் தலைசிறந்தது, அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில் 1988-ஆம் ஆண்டு தோன்றிய மேயர்ஹாஃப் திட்டம்.

பால்டிமோர் நகரில் கட்டடத் தொழிலில் ஈடுபட்டுப் பெருஞ்செல்வராய் விளங்கிய ராபர்ட் மேயர்ஹாஃப் என்பவரும் அவருடைய மனைவியார் ஜேனும் நவீன ஓவியங்களைச் சேகரிப்பதில் பெயர்பெற்றவர்கள். தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் கறுப்பின இளைஞன் ஒருவன் தோன்றுவதானால், ஒன்று பந்தயவீரனாகத் தோன்றுகிறான், அல்லது விலங்கு பூட்டிய குற்றவாளியாகத் தோன்றுகிறான். விஞ்ஞானியாகவோ வைத்தியனாகவோ அவனைக் காண்பது அரிதாயிருக்கிறதே என்ற விசாரம் ராபர்ட்டை நெடுநாள் வருத்திற்று. அந்த விசாரத்தோடு அவர் சந்தித்தது, பால்டிமோர் கவுண்டியிலுள்ள மேரிலாந்து சர்வகலாசாலையில் 1987-ஆம் ஆண்டு உயர்பதவி ஏற்றிருந்த ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி என்னும் கணிதப் பேராசிரியரை. இருவர் எண்ணமும் ஒன்றுபடவே, சுமார் 5 லட்சம் டாலர் மூலதனத்துடன் திட்டம் உருப்பெற்றது.

ஹ்ரபௌஸ்கியின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. அலபாமா மாகாணத்துப் பர்மிங்ஹாமில் 1950-இல் பிறந்த அவர், 1963-ஆம் ஆண்டு நிறவேற்றுமையை எதிர்த்து அந்நகரத்துச் சிறுவர் சிறுமியர் திரண்டு ஊர்வலம் சென்றபோது, பன்னிரண்டு வயதுப் பாலகனாக அதில் கலந்துகொண்டு ஐந்து நாள் சிறைவாசம் அனுபவித்தவர். பத்தொன்பதாம் வயதில் கணிதத்தில் பட்டமும், இருபத்து நான்காம் வயதில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்ற அவர், உயர்வகுப்புகளில் தம் இனத்தவர் வேறொருவரும் இல்லாமல் தனித்து உட்கார்ந்திருந்த அனுபவமும் உடையவர். ஆகவே, திறமையுள்ள மாணாக்கனையும் தனிமை எவ்வாறு தளர்த்திவிடும் என்பதை அவருக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவர் வந்துசேர்ந்த சர்வகலாசாலையோ, 1966-இல் ஆரம்பமான இளம் ஸ்தாபனம். அங்கே கறுப்பின மாணாக்கர் பலர் விஞ்ஞான வகுப்புகளில் சேர்ந்தும், முதலாண்டு ரசாயனத்திலும் கணிதத்திலும் இடறி, வேறு பாடங்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இதற்குக் காரணம் என்ன? கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் 1970-களில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் இதே கேள்வியை எழுப்பியிருந்தார். ஏழ்மை, ஊக்கக்குறைவு, வீட்டாரின் அசிரத்தை என்று சக ஆசிரியர்கள் அடுக்கிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்த அவர், அவற்றுள் ஒன்றும் நிலைக்கவில்லை என்று கண்டார். மாணாக்கர் வாழுமிடத்துக்கே சென்று அவர்கள் படிக்கும் விதத்தைக் கவனித்தபோதுதான் உண்மை வெளியாயிற்று: சீன வம்சத்து மாணாக்கர் இரவில் ஒன்றுகூடி, கணக்குகளை ஒப்பிட்டு, ஒருவர் பிழையை ஒருவர் திருத்திக்கொள்ள, கறுப்பின மாணாக்கரோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, விடை வராவிட்டால் தம் புத்தியையே நொந்துகொண்டு, தனித்துப் படித்தனர். ஹ்ரபௌஸ்கியும் அவர் சகாக்களும் தங்கள் சர்வகலாசாலையில் கண்டதும் ஏறத்தாழ இதுவே.

நோயின் மூலம் இதுவென்று தெரிந்த பின், மருந்தும் அதற்குத் தக்கதாக அமைந்தது. 1989-இல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டவர்கள் பத்தொன்பது கறுப்பின இளைஞர்கள். அடுத்த ஆண்டிலேயே பெண்களுக்கும் இடம் கிடைத்தது. தேறுவார்களா மாட்டார்களா என்று ஐயுறத்தக்க மாணாக்கரைக் கைதூக்கிவிடுவது அக்காலத்து உதவித் திட்டங்களின் பொதுவான நோக்கமாயிருக்க, இத்திட்டம் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களை உன்னத நிலைக்கு உயர்த்துவதையே குறிக்கோளாகக் கொண்டது. வகுப்புகள் தொடங்குமுன் கோடையில் ஆறு வாரம் அவர்கள் ஒன்றாகத் தங்கிக் கணிதமும் விஞ்ஞானமும் பயின்று, ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். முதலாண்டு முழுவதும் ஒரே விடுதியில் வாசம். கூட்டாகப் படிப்பது வழக்கம். உபகாரச் சம்பளம் நீடிக்க வேண்டுமானால் சராசரி 'பி' தரத்துக்குக் குறையலாகாது. அடிப்படைப் பாடம் ஒன்றில் 'சி' வாங்கியவனைத் தேறிவிட்டான் என்று மேலே அனுப்பிவிடாமல், அஸ்திவாரம் பலவீனமாயிருக்க மாடி எழுப்பலாகாது என்று, அதே பாடத்தை மறுபடியும் படிக்கச் சொல்கிறார்கள். ஆலோசகர்கள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். பெற்றோருக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. வெளியிலுள்ள விஞ்ஞானிகள் வழிகாட்டிகளாக நியமிக்கப்படுகிறார்கள்.

புதிய மாணாக்கரை வரவேற்கும்போது, உங்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் பாருங்கள், மூவரில் ஒருவர் பட்டம் பெறமாட்டார் என்று எச்சரிப்பது அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு பழைய மரபு. ஹ்ரபௌஸ்கி அந்த மரபைத் தலைகீழாக்கி, மூவரும் பட்டம் பெற வேண்டும், பெறாவிட்டால் தோற்றவர்கள் நாங்கள்தாம் என்று சொல்லலானார். பொறுப்பு மாணாக்கன் தலையிலிருந்து ஸ்தாபனத்தின் தலைக்கு இறங்கிய அந்த ஒரு மாற்றத்தில் திட்டத்தின் சாரம் அடங்கியிருக்கிறது எனலாம்.

இவ்வளவும் வகுப்பறையைப் பற்றியது. ஆராய்ச்சியாளன் உருவாவது பரிசோதனைச் சாலையில். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் வைரஸின் அமைப்பை ஆராயும் மைக்கேல் சம்மர்ஸ் என்ற ரசாயனப் பேராசிரியர் தம் சாலைக் கதவை இம்மாணாக்கருக்கு அகலத் திறந்துவிட்டார். கண்ணாடிக் குழாய்களைக் கழுவும் எடுபிடி வேலையில் அவர்களை நிறுத்திவிடாமல், உண்மையான ஆராய்ச்சியில் பங்கு கொடுத்து, வெளியாகும் கட்டுரைகளில் அவர்கள் பெயரும் இடம்பெறச் செய்தார். கோடை விடுமுறைகளில் அவர்கள் நாட்டின் பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்குச் சென்று பயிற்சி பெறுவதும் ஏற்பாட்டின் ஓர் அங்கம்.

அப்படிச் சென்றவர்களுள் ஒருவர் கிஸ்மெக்கியா கார்பெட். வட கரோலினாவின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த அவர், பள்ளி நாட்களிலேயே, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்காக அமெரிக்க ரசாயனச் சங்கம் நடத்தும் திட்டத்தின் வழியாகப் பரிசோதனைச் சாலையைப் பார்த்தவர். மேயர்ஹாஃப் மாணாக்கியாகச் சேர்ந்து, 2008-இல் பட்டம் பெற்று, டாக்டர் பட்டமும் முடித்து, தேசிய சுகாதார நிலையத்தின் தடுப்பூசி ஆராய்ச்சிக் கூடத்தில் கொரோனா வைரஸ்களைப் பற்றிய ஆராய்ச்சியை முன்னின்று நடத்திக்கொண்டிருந்தபோது, 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்று வந்தது. வைரஸின் மரபணு வரிசை ஜனவரியில் வெளியாக, மார்ச் 16-ஆம் தேதி மாடர்னா தடுப்பூசியின் மனிதப் பரிசோதனை தொடங்கியதென்றால், அந்த அதிசய வேகத்துக்குப் பின்னே அவரும் அவர் குழுவினரும் பல வருஷங்கள் செய்திருந்த வேலை இருந்தது. அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரல் பதவியை 2017 முதல் 2021 வரை வகித்த ஜெரோம் ஆடம்ஸும் இத்திட்டத்தின் பழைய மாணாக்கரே.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழுவது இயல்பு. கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்துக்கொண்டால் அவர்கள் எங்கே இருந்தாலும் முன்னுக்கு வந்திருப்பார்களே, இதில் திட்டத்தின் பெருமை என்ன என்று ஒருவர் கேட்கலாம். இதை முன்னரே எண்ணிப் பார்த்தவர்கள் போல, அதன் நிர்வாகிகள் ஒரு நல்ல அளவுகோலைக் கைக்கொண்டார்கள். திட்டத்துக்குத் தேர்வாகியும் வர மறுத்து, வேறு சர்வகலாசாலைகளில் சேர்ந்துகொண்டவர்கள் ஆண்டுதோறும் சிலர் உண்டு. அவர்களும் தகுதியில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களோடு ஒப்பிடுகையில், திட்டத்தில் சேர்ந்தவர்கள் விஞ்ஞான டாக்டர் பட்டத்தை நாடிச் சென்றது ஐந்து மடங்குக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இளங்கலைப் பட்டம் பெறுவதில் இரு சாராருக்கும் அவ்வளவு தூரம் வித்தியாசம் இருக்க நியாயமில்லை. அதற்கப்பாலுள்ள நீண்ட பாதையில் கால்வைக்கும் துணிவில்தான் வித்தியாசம்.

திட்டத்துக்குச் சோதனைகளும் வந்தன. ஓர் இனத்தாருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட உபகாரச் சம்பளம் செல்லாதென்று, அதே மாகாணத்துச் சகோதர சர்வகலாசாலை ஒன்றைப் பற்றிய வழக்கில் 1994-இல் மேல்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 1996 முதல் எல்லா இனத்தவருக்கும் வாசல் திறக்கப்பட்டது. விஞ்ஞானத் துறைகளில் பின்தங்கியோர் முன்னேற வேண்டும் என்பதில் பற்றுடையவராயிருப்பதே நிபந்தனையாயிற்று. ஏற்பாட்டின் பலம் அது நடத்தப்பட்ட முறையில் இருந்தமையால், இந்த மாறுதலுக்குப் பின்னும் அது தளரவில்லை.

அந்த மண்ணில் மட்டும் முளைக்கக்கூடியதா, அல்லது பெயர்த்து நடக்கூடியதா என்ற கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது. பென்சில்வேனியா மாகாணச் சர்வகலாசாலையும், சேப்பல் ஹில்லிலுள்ள வட கரோலினா சர்வகலாசாலையும் 2013-இல் இதே முறையைக் கைக்கொள்ள, ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் பொருளுதவி செய்தது. சில ஆண்டுகளுக்குள் அவ்விடங்களிலும் ஒத்த பலன்கள் காணப்பட்டன என்று 2019-இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் சக்கர்பர்க் தம்பதியரின் அறக்கொடை நிறுவனம், பெர்க்லியிலும் சான் டியேகோவிலும் இம்முறையைப் பரப்ப 69 லட்சம் டாலர் வழங்கிற்று. ஒரு தம்பதியரின் கொடை வேறு கொடைகளை ஈர்த்த விதம் இது.

இம்முறை செலவு மிகுந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆலோசகரின் சம்பளம், கோடை வாசத்தின் செலவு, மாணாக்கருக்காகப் பேராசிரியர்கள் ஒதுக்கும் காலம் ஆகியவற்றைக் கணக்கிட்டால், அதே தொகையைப் பகிர்ந்தளித்து இன்னும் பலருடைய கட்டணத்தைச் செலுத்திவிடலாமே என்று தோன்றும். கட்டணமே தடையாயிருக்கும் இடத்தில் அப்படிச் செய்வதும் தர்மமே. ஆயினும் ஆராய்ச்சித் துறையில் ஒதுக்கப்பட்டோர் இடம்பெற வேண்டும் என்பது கொடையாளியின் விருப்பமானால், எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்பதோடு அவர் கணக்கு முடியலாகாது. நான் கொடுத்த பணத்தைப் பெற்றவன் யாரோடு அமர்ந்து படிக்கிறான், எந்தப் பேராசிரியர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார், எந்தப் பரிசோதனைச் சாலையில் அவனுக்கு ஒரு மேஜை இருக்கிறது, அவன் இடறினால் அதைத் தன் தோல்வியாகக் கருதுகிறவர் அந்த ஸ்தாபனத்தில் யார் என்று அவர் கேட்க வேண்டும். இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய சர்வகலாசாலைக்கே அவர் தம் காசோலையை எழுதுவாரானால், அவர் கொடை உரிய பலனைத் தரும்.