விளம்பரக் கணக்கில் விற்பனை எங்கே?



இன்டர்நெட்டில் விளம்பரம் செய்து தருகிறோம் என்று கடைக்குக் கடை ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் சொல்லும் வார்த்தைகள் புதியவை, கணக்கு பழையதுதான்.

'இம்ப்ரஷன்' என்றால் விளம்பரம் திரையில் தோன்றிய தடவைகள். ஒரே ஆளுக்குப் பத்து முறை தோன்றினாலும் பத்துதான். 'ரீச்' என்பது எத்தனை பேருக்குத் தெரிந்தது என்ற கணக்கு. 'கிளிக்' என்றால் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வருவது. படியேறி விலை கேட்பது போல. 'கன்வர்ஷன்' என்றால் சரக்கு வாங்குவது. சிலர் வெறும் போன் விசாரிப்பையும் இதில் சேர்ப்பார்கள். எதைச் சேர்க்கிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

500 ரூபாய் செலவில் 10,000 இம்ப்ரஷன், 100 கிளிக், 10 விற்பனை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய். ஒரு வாடிக்கையாளருக்கு 50 ரூபாய். மளிகையில் அவரிடம் கிடைக்கும் லாபம் 30 ரூபாய் என்றால், அவர் மறுபடி வந்தால்தான் முதல் தேறும்.

நானும் ஒருவரிடம் பணம் கட்டினேன். மாத முடிவில் இம்ப்ரஷன் கணக்கு மட்டும் வந்தது. ஆர்டர் ஒன்றும் வரவில்லை.

'ஆர்கானிக்' என்பது இங்கே இயற்கை அரிசி அல்ல. விளம்பரக் காசு கொடுக்காமல் வரும் பார்வை. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையின் முகவரி, நேரம், படம் ஆகியவற்றை இலவசமாகப் பதியலாம். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விலைப்பட்டியலும் வைக்கலாம். முதலில் இவற்றைச் செய்யுங்கள்.

பிறகு பணம் கேட்டு வருபவரிடம் ஒன்றே கேளுங்கள்: "கல்லாவில் எவ்வளவு விழும்?"