இரைப்பையில் ஒரு பொய்க் கட்டளை

உடலின் கலங்கள் தம் விருப்பிற் பெருகுவன அல்ல. வெளியிலிருந்து வரும் இரசாயனக் கட்டளைக்கு அமைந்தே பெருகுவன. அக்கட்டளையைப் பொய்யாகப் பிறப்பிக்க வல்லது, இரைப்பையில் வாழும் ஹெலிக்கோபற்றர் பைலோரி என்னும் பற்றீரியா. 1982ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய வைத்தியர்களான மார்ஷலும் வாரனும் இதனை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டினர்.

இதன் சில வகைகள், ஊசிபோன்ற உறுப்பினாற் காக்ஏ என்னும் புரதத்தை இரைப்பைக் கலத்தினுட் செலுத்துகின்றன. அப்புரதம், வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் நொதியமொன்றைப் பற்றித் தூண்டுகிறது. கட்டளையிடுவார் எவருமின்றியே 'பெருகு' என்ற செய்தி கருவைச் சென்றடைகிறது. பல்லாண்டு நீடிக்கும் அழற்சியும் இதனோடு சேரச் சிலரிடத்துப் புற்றுநோய் தோன்றுகிறது.

கிருமியுடையோரிற் பெரும்பாலார்க்குப் புற்றுநோய் வருவதில்லை. எனினும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளாற் கிருமியைக் காலத்தே அகற்றின், ஆபத்துங் குறையும்.