இன்மையை அறியும் ஏற்பிகள்: இயற்கைக் கொல்லி உயிரணுக்களின் இலக்கறி முறை

முன்னுரை

மனித நோயெதிர்ப்பில் பங்குகொள்ளும் வெள்ளணுக்களுள் இயற்கைக் கொல்லி உயிரணுக்களும் ஒரு வகையாகும். 1975ஆம் ஆண்டில் எலிகளில் இவை விவரிக்கப்பட்டன. முன் அறிமுகம் இன்றியே புற்றணுக்களை அழிக்கும் இயல்பே இப்பெயருக்குக் காரணமாயிற்று. இப்பெயர் கொல்லும் ஆற்றலை உணர்த்துகிறதேயன்றி, எதனைக் கொல்லாது விடுவது எனத் தெளியும் ஆற்றலை உணர்த்தவில்லை. அத்தெளிவை ஏற்பிகள் எங்ஙனம் பெறுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தன்னடையாளமும் அதன் இன்மையும்

உட்கருவுடைய உயிரணுக்கள் ஏறத்தாழ அனைத்தும் எச்.எல்.ஏ. முதல் வகைப் புரதங்களை மேற்பரப்பில் தாங்கியுள்ளன. உயிரணுவினுள் உருவான புரதங்களின் துணுக்குகளை இவை வெளியே ஏந்திக் காட்டுகின்றன. அத்துணுக்கு நச்சுயிரிக்கு உரியதாயின் டி உயிரணு அதனைக் கண்டு தாக்கும். இதிலிருந்து தப்பவே மனித சைட்டோமெகலோ நச்சுயிரி, தான் புகுந்த உயிரணுவின் எச்.எல்.ஏ. புரதங்களைச் சிதைவுறச் செய்கிறது. டி உயிரணுவிடமிருந்து தப்பும் இவ்வழியே இயற்கைக் கொல்லி உயிரணுவுக்குத் துப்பாகிறது.

சுவீடன் நாட்டு அறிஞர் கிளாஸ் கார்ரேயும் அவர்தம் குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதனை நிறுவியது. எலிகளில், தன்னடையாளப் புரதங்களை இழந்த புற்றணுக்களே இவ்வுயிரணுக்களால் அழிக்கப்பட்டன. அவற்றை உடையவை பிழைத்து வளர்ந்தன. மனிதரில் இவ்வடையாளத்தைத் தேர்வன கே.ஐ.ஆர். குடும்பத்தின் தடுப்பு ஏற்பிகளும் என்.கே.ஜி.2ஏ ஏற்பியும் ஆகும். முன்னவற்றுள் பல எச்.எல்.ஏ.-சி போன்றவற்றையும், பின்னது எச்.எல்.ஏ.-இ புரதத்தையும் பற்றுகின்றன. பற்றிய அளவில், கொல்லும் தூண்டல் உள்ளேயே தணிக்கப்படுகிறது.

தூண்டலும் தடையும்

எனினும், இன்மை மட்டுமே கொலைக்குப் போதிய காரணமாகாது. மனிதச் செங்குருதியணுக்களில் இப்புரதங்கள் இல்லாதிருந்தும் அவை தாக்கப்படுவதில்லை. தடை நீங்குவதோடு தூண்டலும் வேண்டும். நச்சுயிரியாலோ புற்றாலோ நெருக்கடிக்குள்ளான உயிரணு எம்.ஐ.சி.ஏ., எம்.ஐ.சி.பி. ஆகிய புரதங்களை வெளிக்காட்டும், என்.கே.ஜி.2டி ஏற்பி அவற்றைப் பற்றித் தூண்டல் பெறும். இலக்கின்மேல் படிந்த எதிர்ப்பொருள்களைச் சி.டி.16 ஏற்பி பற்றும். தூண்டல் தடையை விஞ்சினால், பெர்ஃபோரின் இலக்கணுவின் சவ்வைத் துளைக்க, கிரான்சைம்கள் உட்புகுந்து அதனை மாய்க்கும்.

சைட்டோமெகலோ நச்சுயிரி இவ்விரு பக்கத்தையும் அறிந்ததுபோல் இயங்குகிறது. எச்.எல்.ஏ.-இ நிலைத்திருக்க வேண்டிய துணுக்கைத் தானே வழங்கித் தடையைக் காக்கிறது, எம்.ஐ.சி.பி. வெளிப்படாதவாறு உள்ளேயே நிறுத்தித் தூண்டலைக் குறைக்கிறது.

முடிவுரை

எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமிலும் கே.ஐ.ஆர். மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமிலும் அமைந்து தனித்தனியே மரபுவழி வருகின்றன. எனவே, உறவினர்க்குள்ளும் ஒருவரது ஏற்பி தேடும் அடையாளம் மற்றவரிடம் இல்லாதிருக்கலாம். இத்தகைய கொடையாளரிடமிருந்து குருதி மூல உயிரணுக்களைப் பெற்ற கடும் மைலாய்டு இரத்தப் புற்று நோயாளரிடம் நோய் மீள்வது குறைந்ததை, இத்தாலியின் பெருஜியா ஆய்வாளர்கள் 2002இல் காட்டினர். ஆகவே, கொல்லி எனப் பெயர் பெற்ற இவ்வுயிரணுவின் தனிச்சிறப்பு கொலையில் இல்லை. உள்ளதையும் இல்லாததையும் ஒருங்கே சீர்தூக்குவதில் உள்ளது.