வாசல் மின்குமிழும் தொண்ணூறாவது அலகும்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து மின்சாரப் பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வாப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். 98 அலகுகள். வரி நீங்கலாக 5,680 ரூபா. வாசல் விளக்கை இனி இரவு முழுக்க எரியவிடுவதில்லை என்று அன்றிரவே வீட்டில் முடிவாயிற்று.

குண்டசாலையில் எங்கள் வீடு பிரதான வீதியிலிருந்து இறங்கிப் போகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. ஒழுங்கையின் முடிவில் பதினொரு படிகள். வீதி விளக்கு அந்த மூலைக்கு எட்டாது. சுபஹுத் தொழுகைக்குப் போகிறவர்களும், இரவு வேலை முடித்து வருகிறவர்களும் எங்கள் வாசல் மின்குமிழின் வெளிச்சத்தில்தான் அந்தப் படிகளில் ஏறி இறங்குவார்கள். அதை யாரும் எங்களிடம் கேட்டுப் பெற்றதில்லை; நாங்களும் கொடுத்ததாக நினைத்ததில்லை. விளக்கை அணைக்கத் தொடங்கி இரண்டு வாரம் கூட ஆகவில்லை. அடுத்த வீட்டு மூத்தம்மா இருட்டில் படி தவறி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு வெடித்துவிட்டது.

"பில்லு வந்தாப் பரவல்ல, லைட்டப் போடுங்க" என்று வாப்பா சொன்னார். விளக்கு மீண்டும் எரிந்தது. ஆனால் உம்மாவின் முகத்தில் அந்த 5,680 அப்படியே இருந்தது. நான் அப்போது சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞானப் பாடத்தில் வலு, சக்தி என்று கணக்குகள் செய்கிறோமே, அதை எங்கள் வாசலில் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

கணக்கு மிகச் சுலபம். 1,000 வோட் வலுவுள்ள ஒரு பொருள் ஒரு மணித்தியாலம் இயங்கினால் ஓர் அலகு. எங்கள் வாசலில் இருந்தது பழைய இழை மின்குமிழ், 40 வோட். மஃரிபிலிருந்து விடியும் வரை 11 மணித்தியாலம் எரியும். 40ஐ 11ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு 440. முப்பது நாளைக்கு 13,200. அதாவது 13.2 அலகுகள். "அது சின்னக் குமிழ்தானே" என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் குமிழ், எங்கள் மாதப் பாவனையில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தின்றுகொண்டிருந்தது. அதே அளவு வெளிச்சம் தரும் 5 வோட் எல்.ஈ.டி. மின்குமிழ் அதே நேரம் எரிந்தால் 1.65 அலகு. மிச்சம் 11 அலகுக்கு மேல்.

இங்கேதான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. எங்கள் நாட்டில் எல்லா அலகுகளுக்கும் ஒரே விலை இல்லை. படி படியாக ஏறும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டன. அந்தப் பெப்ரவரிக் கட்டணப்படி, மாதத்துக்கு 60 அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு முதல் 30 அலகுகள் 30 ரூபா வீதமும் அடுத்த 30 அலகுகள் 37 ரூபா வீதமும் கணக்கிடப்பட்டன. 60ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை விலை முழுவதுமே போய்விடும். முதலாவது அலகிலிருந்தே 42 ரூபா. 90ஐத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு 50 ரூபா. இதைவிடப் பெரிய அடி நிலையான கட்டணத்தில் விழுந்தது. 90 அலகு வரை 650 ரூபாவாக இருந்தது, 91ஆவது அலகில் 1,500 ரூபாவாகத் தாவும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 அலகு பாவித்த வீட்டுக்கு 4,430 ரூபா. 91 அலகு பாவித்த வீட்டுக்கு 5,330 ரூபா. அந்த ஓர் அலகின் விலை 900 ரூபா! அதேபோல் 60 அலகுக்கு 2,560. 61 அலகுக்கு 3,212. நாங்கள் 98இல் நின்றோம். எட்டு அலகு குறைந்தால் போதும், படி இறங்கிவிடலாம்.

மே மாதம் வாசல் குமிழை மட்டும் மாற்றினோம். அடுத்த முழு மாதப் பட்டியலில் 87 அலகுகள், 4,304 ரூபா. பழைய பட்டியலைவிட 1,376 ரூபா குறைவு. ஏப்ரல் நோன்பு மாதம், ஸஹருக்கு எழும்பி விளக்குப் போட்டதும் அந்த 98இல் சேர்ந்திருக்கும் என்பதால் முழுப் புகழையும் குமிழுக்கே கொடுக்க முடியாதுதான். ஆனாலும் குமிழின் விலை அந்த ஒரு மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டது. அதன்பின் கட்டணங்கள் பல தடவை குறைந்தும் கூடியும் வந்துள்ளன. இன்றைய விலைகள் வேறு. படிகள் இருக்கும் வரை கணக்குப் போடும் முறை மாறாது. உங்கள் கடைசிப் பட்டியலை எடுத்து, உங்கள் வீடு எந்தப் படிக்கு எத்தனை அலகு மேலே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரே வெளிச்சத்துக்கு ஒன்று 40 வோட்டும் மற்றொன்று 5 வோட்டும் எடுப்பது எப்படி? பழைய குமிழில் மெல்லிய தங்குதன் இழையொன்று மின்சாரத்தால் 2,000 பாகைக்கு மேல் சூடாகி ஒளிர்கிறது. உண்மையில் அது விளக்கு அல்ல, அடுப்பு. உள்ளே போகும் சக்தியில் இருபதில் ஒரு பங்களவுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது. சீ.எஃப்.எல். குமிழில் இரச ஆவி ஊதாக் கடந்த கதிரைக் காலுகிறது. கண்ணாடியின் உட்புறப் பூச்சு அதை வெள்ளொளியாக்குகிறது. எல்.ஈ.டி. என்பதற்கு எங்கள் பாடநூல் தரும் பெயர் ஒளிகாலும் இருவாயி. குறைகடத்திச் சந்தியில் இலத்திரன்கள் துளைகளுடன் சேரும்போது விடுபடும் சக்தி நேரடியாக ஒளியாகிறது. எதையும் பழுக்கக் காய்ச்ச வேண்டியதில்லை.

சிவப்பு எல்.ஈ.டி. 1962இலேயே வந்துவிட்டது. வானொலிப் பெட்டிகளில் சின்னப் பொட்டாக எரிந்ததெல்லாம் அதுதான். நீலம் மட்டும் முப்பது வருடம் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளொளி இல்லை. கலியம் நைத்திரைட்டு என்ற பளிங்கை விடாப்பிடியாக வளர்த்து அதைச் சாதித்த ஜப்பானியர்கள் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, அந்நாட்டில் பிறந்த ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று உங்கள் வீட்டு வெள்ளை எல்.ஈ.டி.க்குள் இருப்பது அந்த நீலச் சில்லுதான். மேலே மஞ்சள் பூச்சு. எரியாத நேரத்தில் சில்லு மஞ்சளாகத் தெரிவது அதனால்தான்.

வாசல் வெற்றிக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆசை பிடித்தது. நகரத்துக்குப் போன நானா, மலிவாகக் கிடைக்கிறது என்று மூன்று எல்.ஈ.டி. குமிழ்களை நடைபாதையில் வாங்கி வந்தார். பற்றுச்சீட்டு இல்லை, உத்தரவாதம் இல்லை, பெட்டியில் லூமன் அளவு கூட இல்லை. ஒன்று இரண்டு மாதத்தில் போய்விட்டது. இன்னொன்று கண் சிமிட்டத் தொடங்கியது. "பழைய குமிழே மேல்" என்று உம்மா தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

பிறகு விளங்கிற்று, தவறு பாதி குமிழில், பாதி எங்களில். எல்.ஈ.டி. சில்லு இலேசில் சாவதில்லை. சாவது அதன் கழுத்துக்குள் இருக்கும் சின்ன மின்சுற்று, அதிலும் குறிப்பாகக் கொள்ளளவி. அதற்குச் சூடு ஆகாது. பழைய குமிழின் சூடு கதிராக வெளியே போய்விடும். எல்.ஈ.டி.யின் சூடு கழுத்து வழியாகத்தான் மெல்ல இறங்க வேண்டும். நாங்களோ முதலாவது குமிழைக் குளியலறையில், காற்றே புகாத கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டியிருந்தோம். இரண்டாவதற்கு நோய் குமிழில் அல்ல, தளர்ந்துபோன தாங்கியில். மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு தாங்கியை மாற்றியதும் சிமிட்டல் நின்றது. (தயவுசெய்து தாங்கியை நீங்களே கழற்றப் போகாதீர்கள், குமிழ் மாற்றும்போதும் ஆளியை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.)

ஆகவே கடையில் வோட்டை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். வெளிச்சத்தின் அளவு லூமன். 60 வோட் இழைக் குமிழ் ஏறக்குறைய 800 லூமன் தரும். நல்ல 9 வோட் எல்.ஈ.டி.யும் அதே அளவைத் தரும். உத்தரவாதம் உள்ளதை வாங்கிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நான் இப்போது ஒவ்வொரு குமிழின் கழுத்திலும் மாட்டிய திகதியை மார்க்கர் பேனையால் எழுதிவிடுகிறேன். கடைக்காரர் "எப்ப வாங்கினது?" என்று கேட்டால் பதில் குமிழிலேயே இருக்கும்.

வாப்பாவுக்கு இருந்த சீ.எஃப்.எல். குமிழ்களையும் ஒரேயடியாக மாற்ற ஆசை. நான் வேண்டாம் என்றேன். 14 வோட் சீ.எஃப்.எல். ஒன்று தினமும் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 2.1 அலகு, 9 வோட் எல்.ஈ.டி. 1.35. மாதம் முழுக்க முக்கால் அலகுதான் மிச்சம். நன்றாக எரிகிற குமிழை அதற்காக எறிவது வீண்விரயம். அது தானாகப் போகும்போது மாற்றினால் போதும். சமையலறையில் இருந்த பழைய டியூப் லைட்டின் கதை வேறு. குழாயும் சோக்கும் சேர்ந்து 46 வோட் அளவு எடுத்தன. 18 வோட் எல்.ஈ.டி. குழாய் போட்டதும் மாதம் நாலு அலகு குறைந்தது. அதிக நேரம் எரிவது எது, அதிக வோட் எது என்று பார்த்து அதிலிருந்து தொடங்குங்கள். களஞ்சிய அறையில் ஐந்து நிமிடம் எரியும் குமிழ் இழைக் குமிழாகவே இருந்தாலும் குடி முழுகாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 1,000 வோட் மின்னழுத்தியால் அரை மணித்தியாலம் உடுப்பு அழுத்தினால் செலவாகும் மின்சாரத்தில் ஒரு 9 வோட் குமிழ் 55 மணித்தியாலம் எரியும். பாடசாலைச் சீருடையைத் தினமும் ஒவ்வொன்றாக அழுத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் சுடும்.

போன சீ.எஃப்.எல். குமிழைக் குப்பையோடு எரிக்கவோ ஆற்றோரம் வீசவோ கூடாது. உள்ளே சில மில்லிகிராம் இரசம் இருக்கிறது. வீட்டுக்குள் உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியேற்றி, ஜன்னல்களைத் திறந்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தடித்த அட்டையால் துண்டுகளை வாரி மூடியுள்ள போத்தலில் போடுங்கள். தும்புத்தடியால் கூட்டினால் இரசத் தூள் அறை முழுவதும் பரவும்.

எங்கள் வீட்டில் கடைசியாகத் தோன்றிய எதிர்ப்பு உம்மும்மாவிடமிருந்து. அவர் அறையில் பளீரென்ற வெள்ளைக் குமிழைப் போட்டோம். "ஆஸ்பத்திரில ஈக்கிற மாதிரி ஈக்கி மகள், இதக் கழட்டுங்க" என்றார். குப்பி லாம்பில் குர்ஆன் ஓதிப் பழகிய கண்கள் அவை. எல்.ஈ.டி. பெட்டியில் 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை. 2700 அல்லது 3000 என்றிருந்தால் பழைய குமிழின் இளமஞ்சள். 2700ஐ வாங்கிப் போட்டதும் உம்மும்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

குண்டசாலையைத் தொட்டுக்கொண்டு ஓடும் மகாவலி சற்றுக் கீழே விக்டோரியா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. 122 மீற்றர் உயரமான அந்த அணைக்கட்டு 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அதன் நீருக்கடியில் இருக்கிறது. அங்குள்ள மின்நிலையத்தின் கொள்ளளவு 210 மெகாவோட். இவ்வளவு அருகில் இருந்தும் 2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதற்கும் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது எங்கள் வீடும் இருட்டில்தான் இருந்தது. நாட்டின் மின்தேவை உச்சத்துக்குப் போவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, எல்லா வீடுகளிலும் விளக்கு எரியும் நேரம். நீரும் நிலக்கரியும் போதாதபோது டொலர் கொடுத்து வாங்கும் எண்ணெயை எரிக்க வேண்டும். பத்து இலட்சம் வீடுகள் அந்த நேரத்தில் எரியும் ஒரேயொரு 60 வோட் குமிழை 9 வோட்டாக மாற்றினால் குறைவது 51 மெகாவோட். விக்டோரியாவின் கிட்டத்தட்டக் கால்பங்கு.

இந்தியா 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் இந்தக் கணக்கை வைத்துத்தான் நடந்தது. அரசே இலட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கியதால், 2014இல் 310 இந்திய ரூபாவாக இருந்த குமிழின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாவாக இறங்கியது. எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கியபோது கடைக்காரர் எங்களுக்கும் கொஞ்சம் குறைத்துத்தான் தந்தார்.

அடுத்த வீட்டு மூத்தம்மாவின் கை இப்போது சுகம். படிகளில் கைபிடி ஒன்றும் போட்டாயிற்று. வாசல் குமிழின் கழுத்தில் "2023.05.14" என்ற என் கையெழுத்து இன்னும் அழியவில்லை. பெட்டியில் 15,000 மணித்தியாலம் என்று போட்டிருந்தது. ஒரு நாளைக்கு 11 மணித்தியாலம் வீதம் இரண்டு வருடத்துக்கு 8,000 மணித்தியாலம் எரிந்துவிட்டது. மிச்சத்தையும் எரிகிறதா என்று பார்க்க நான் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிறகும் கொஞ்சக் காலம் காத்திருக்க வேண்டும்.