விடுமுறையும் மறதியும்

விடுமுறை தொடங்கிய அன்று மாலையே புத்தகப் பையை ஆணியிலே கொழுவிவிட்டு வளவுக்குள் ஓடாத பிள்ளை எங்கே உண்டு? ஓடத்தான் வேண்டும், அதற்காகவே ஏற்பட்டது விடுமுறை. ஆயினும் புதிய தவணையின் முதல் வாரத்திலே ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் படும் பாட்டைப் பெற்றோர் அறிவதில்லை. சென்ற தவணையிலே தடையின்றி ஒப்பித்த ஏழாம் வாய்பாடு பாதி வழியிலே நின்றுவிடுகிறது. பழம் 'பளம்' ஆகிறது. மரம் 'மறம்' ஆகிறது.

மறதியை அளந்து காட்டியவர்களுள் முதல்வர் எபிங்கௌஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர். பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து, தமது மறதியைத் தாமே சோதித்து, 1885ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். மறதி தொடக்கத்திலே விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்கிறது என்பதும், மறந்ததை மீண்டும் கற்க முன்னையிலும் குறைந்த நேரமே செல்லும் என்பதும் அவர் கண்ட உண்மைகள். அமெரிக்காவிலே கூப்பர் என்பவரும் துணைவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நீண்ட கோடை விடுமுறையால் ஏறக்குறைய ஒரு மாதக் கல்வி பின்னடைகிறது என 1996இல் எழுதினர். அந்த அளவு சரிதானா எனப் பின்வந்தோர் சிலர் ஐயுற்றதும் உண்டு. நமது விடுமுறைகளோ அவ்வளவு நீண்டவை அல்ல. எனினும், வாசிப்பிலும் பார்க்கக் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலுமே இழப்பு மிகுதி என அவர்கள் கண்டது சிந்திக்கத்தக்கது. கருத்து விளங்கிய பாடம் மனத்திலே தங்கும். கைப்பழக்கமோ, பயிலாதுவிட்டால் தேயும்.

இவ்வளவும் அறிந்த நானே என் வீட்டிலே தவறினேன். நாலாம் வகுப்பில் இருந்த என் மகனுக்கு, ஒரு விடுமுறையிலே காலைதோறும் இருபது கணக்குகள் விதித்தேன். முதல் வாரம் செய்தான். இரண்டாம் வாரம் கொப்பியைக் கண்டதும் வயிற்றுவலி வந்தது. ஒருநாள் 143இல் 58ஐக் கழித்து 115 என எழுதியிருந்தான். மூன்றிலே எட்டுப் போகாதென்று கண்டதும் எட்டிலே மூன்றைக் கழித்துவிட்டான், பத்துகளையும் அவ்வாறே. சிறுவர் பலர் செய்யும் பிழைதான் இது. நானோ பொறுமையிழந்து கடிந்தேன். பிள்ளை அழுதான்.

அன்று தேங்காய் பறித்த நாள். என் தாயார் அவனை அழைத்து, "தம்பி, 143 காய் பறிச்சது. 58 சந்தைக்குப் போட்டுது. மிச்சம் எவ்வளவு?" என்றார். அவன் 115 என்றான். "அப்ப குவியலை எண்ணிப் பார், ராசா." இருமுறை எண்ணினான், 85தான் இருந்தது. மற்றக் காய்களை எவரோ களவெடுத்துவிட்டார் என்று வாதாடினான். பின்னர்ப் பத்துப் பத்தாக அடுக்கி, ஓர் அடுக்கைக் கலைத்து மூன்றோடு சேர்த்தபோது, தன் பிழையைத் தானே கண்டான். 'கடன் வாங்குதல்' என்று நான் பலமுறை ஒப்புவித்த சொல்லின் பொருள் அங்கே அவனுக்கு விளங்கியது.

அதன்பின் இருபது கணக்கு ஐந்தாயிற்று. கால் மணி நேரத்துக்கு மேல் இல்லை. சந்தைக்குரிய சாமான் பட்டியலை அவனே எழுதினான். மிளகாய், மஞ்சள், கத்தரிக்காய் என்று எழுதும்போதே ளகரமும் ரகரமும் தம்மிடம் அறியும். மீதிப் பணத்தை அவனே எண்ணி வாங்கினான். இரவிலே ஒரு பக்கமேனும் அப்பாச்சிக்கு உரத்து வாசித்தான். கண் மங்கிய அவருக்கு அது உண்மையிலேயே வேண்டியிருந்தது. விடுமுறை முழுவதையும் தனியார் வகுப்புகளுக்கு விற்றுவிடும் பெற்றோர்மீது எனக்கு வருத்தமுண்டு. பிள்ளைக்குச் சும்மா இருக்கும் நேரமும் வேண்டும்.

கனடாவிலுள்ள மாமாவுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். தொலைபேசியிலே நாள்தோறும் பேசுபவருக்குக் கடிதம் எதற்கு என்று முதலிலே முணுமுணுத்தான்; பின்னர் இரண்டு பக்கம் எழுதினான். தேங்காய் 85 மிச்சம் வந்த கதை அதில் முக்கால் பக்கம். 'வாழை' மட்டும் 'வாளை'யாகவே நின்றது. திருத்தப் பேனையை எடுத்தேன். அப்பாச்சி முறைத்துப் பார்த்தார். அப்படியே உறையிலிட்டுத் தபாலிற் சேர்த்துவிட்டேன்.