சாவி திருப்பியும் ‘செல்ஃப்’ எடுக்காத பழைய கார்: பேட்டரியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

புதுதில்லி: காலையில் முதல் திருப்பலிலேயே புறப்பட்ட கார், பெட்ரோல் பங்கில் பத்து நிமிடம் நிறுத்தப்பட்ட பின் அசைய மறுக்கிறது. விளக்குகள் எரிகின்றன, ஹாரன் ஒலிக்கிறது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் மட்டும் சுழலவில்லை. கால் மணி நேரம் கழிந்ததும் எதுவுமே நடவாததுபோல ஓடத் தொடங்குகிறது. பணிமனைக்குக் கொண்டு சென்றால் அங்கு கோளாறு தெரிவதில்லை. அதனால் அனுமானத்தின் பேரில் முதலில் பேட்டரியும், பிறகு செல்ஃப் மோட்டாரும் மாற்றப்படுகின்றன. சில வாரங்களில் அதே கோளாறு மீண்டும் தலைகாட்டுகிறது.

1983-இல் அறிமுகமான மாருதி 800, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர் ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே அவற்றில் மிகப் புதிய காருக்கும் பத்தாண்டுகளுக்கு மேல் வயதாகிவிட்டது. தனியார் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். தகுதிப் பரிசோதனைக்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. தில்லி தலைநகர் வட்டாரத்தில் தனிக் கட்டுப்பாடுகள் இருந்தாலும், நாட்டின் பிற பகுதிகளில் இத்தகைய வாகனங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

இன்ஜின் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை எனில் கோளாறு எரிபொருளிலோ தீப்பொறியிலோ இருக்கிறது. இன்ஜின் சுழலவே இல்லை என்பது முற்றிலும் வேறு கோளாறு. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

இரண்டு மின்பாதைகள்

சாவியைத் திருப்பும்போது இரண்டு பாதைகள் செயல்பட வேண்டும். முதலாவது மெல்லிய வயர் வழி. இக்னிஷன் சுவிட்ச், ரிலே, ஆட்டோமேட்டிக் வாகனமாயின் நியூட்ரல் சுவிட்ச் ஆகியவற்றைக் கடந்து, மோட்டாரின் மேல் உள்ள சோலினாய்டுக்கு மின்சாரம் செல்கிறது. சோலினாய்டு இழுக்கப்பட்டதும் அதனுள் உள்ள செப்புத் தகடுகள் இணைகின்றன. அதன் பிறகே பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் பாய்கிறது. எர்த் கேபிள் வழியே பேட்டரிக்குத் திரும்புகிறது.

சிறிய பெட்ரோல் காரிலும் இந்தத் தடித்த பாதையில் நூறு ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும். பச்சை படிந்த ஒரு டெர்மினலில் 0.02 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 150 ஆம்பியர் பாயும்போது அந்த ஓர் இணைப்பிலேயே 3 வோல்ட் இழக்கப்படும். ஆனால் கார் நின்றிருக்கும்போது மல்டிமீட்டர் வைத்தால் பேட்டரி முழுமையாக 12.6 வோல்ட் காட்டும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். குற்றமற்ற பேட்டரி கழற்றி வீசப்படுவதும், புதிய பேட்டரி பொருத்துகையில் டெர்மினல் சுத்தம் செய்யப்பட்டு கோளாறு தற்காலிகமாக மறைவதும் உண்டு. பாராட்டு மட்டும் புதிய பேட்டரிக்குப் போய்விடுகிறது.

விளக்கும் ஓசையும் சொல்வது என்ன?

கருவி இல்லாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உள்ளது. காரினுள் இருக்கும் கூரை விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். (சில வாகனங்களில் சாவி திருப்பும்போது ஹெட்லைட் தானாகவே அணையும் என்பதால் கூரை விளக்கே நம்பகமானது.) விளக்கு வெகுவாக மங்கி, ‘டக டக’ என்ற தொடர் ஓசை கேட்டால் பேட்டரியில் சார்ஜ் குறைவு அல்லது டெர்மினல் தளர்வு எனலாம். விளக்கு முழுதாக அணைந்து மீண்டும் எரிந்தால் டெர்மினலையே முதலில் பார்க்க வேண்டும். விளக்கு மங்காமல், ஒரே ஒரு ‘டக்’ ஓசை மட்டும் கேட்டால் சோலினாய்டின் தேய்ந்த செப்புத் தகடுகள், மோட்டாரின் கார்பன் பிரஷ், தடித்த கேபிள், இன்ஜின் எர்த் ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை. எர்த் பழுதானால் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடத் திரும்ப முயலும். அக்கேபிள் சூடாவது இதன் அடையாளம்.

ஓசையே இல்லை, விளக்கும் மங்கவில்லை எனில் மெல்லிய பாதையில்தான் பெரும்பாலும் தடங்கல் இருக்கும். இதை உறுதிசெய்யச் சோலினாய்டின் சிறு முனையிலிருந்து ஃபியூஸுடன் கூடிய வயர் ஒன்றைக் காரினுள் கொண்டுவந்து, சிறு 12 வோல்ட் பல்புடன் இணைத்து, மறுமுனையை எர்த் செய்யலாம். பல நாட்கள் அப்படியே ஓட்டலாம். கோளாறு வரும் அந்தக் கணத்தில் சாவி திருப்பியும் பல்பு எரியவில்லை என்றால் சுவிட்ச், ரிலே பக்கம் பிழை. பிரகாசமாக எரிந்தும் இன்ஜின் சுழலவில்லை என்றால் மோட்டார், தடித்த கேபிள் பக்கம் பிழை. மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ மின்னழுத்தம் கரைகிறது. தோன்றி மறையும் கோளாறைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

இன்ஜின் சூடானபோது மட்டும் கோளாறு வருவதற்கும் காரணம் உண்டு. செம்பின் மின்தடை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்கு உயரும்போது ஏறத்தாழ 30 சதவீதம் கூடுகிறது. இன்ஜினை ஒட்டியிருக்கும் சோலினாய்டு சூடேறியதும், தேய்ந்த சுவிட்ச் வழியே வரும் குறைந்த மின்சாரம் அதை இழுக்கப் போதுவதில்லை. ரிலே இல்லாத பழைய மாடல்களில் சோலினாய்டின் முழு மின்னோட்டமும் இக்னிஷன் சுவிட்ச் வழியாகவே செல்கிறது. அவற்றில் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் தனியே ஒரு ரிலே சேர்ப்பது இதற்காகவே.

மல்டிமீட்டர் இருப்பின், சாவி திருப்பிய நிலையில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் சோலினாய்டின் தடித்த முனைக்கும் இடையே அளக்க வேண்டும், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ இணைப்பிலோ குறை இருக்கிறது. நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே 0.2 வோல்ட் அளவே ஏற்கத்தக்கது. நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரி, இன்ஜின் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழ் சரிந்தால் மட்டுமே அதை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

ஸ்க்ரூ டிரைவரால் சோலினாய்டு முனைகளைத் தொடுத்து இன்ஜினைச் சுழற்றும் வழக்கம் சாலையோரங்களில் உண்டு. கியரில் இருந்தால் கார் அப்படியே முன்னே பாய்ந்து, எதிரில் குனிந்து நிற்பவர் மீது ஏறிவிடும். மேற்கண்ட எந்தச் சோதனைக்கும் கியர் நியூட்ரலிலும் ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையிலும் இருப்பது கட்டாயம். கியர் மாற்றி ஓட்டும் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக் காரில் அது இயலாது. தள்ளும்போது ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதிருக்கச் சாவி ‘ஆன்’ நிலையில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடாதவரை பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் உதவாது என்பதால், பிரேக் மிதிக்கக் கூடுதல் பலம் தேவைப்படும்.